துறைமுகத்தின் பின்னே மலைகள்: மாதோட்டப் பெருவழியும் பௌத்தக் குகைப்பள்ளிகளும்

மன்னார்த் தீவிலும் அதற்கெதிரே உள்ள கரையிலும் குகை என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. தலைமன்னாரிலிருந்து பேசாலை, எருக்கலம்பிட்டி வழியாக மன்னார் நகரம் வரை மணலும் மணலுக்கடியில் சுண்ணக்கல்லும் பரந்துகிடக்க, தாம்போதியைக் கடந்து திருக்கேதீச்சரம், அடம்பன், உயிலங்குளம், நானாட்டான் எனப் பெருநிலத்தில் ஏறினாலும் வயற்களியும் அதன் அடியில் அதே சுண்ணக்கல்லுமே காணப்படுகின்றன. மயோசீன் எனப் புவியியலாளர் வழங்கும் காலத்தில், கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகி உருவான இக்கல், கிணறு தோண்டவும் சுண்ணாம்பு சுடவும் உதவுமேயன்றி, பிக்கு ஒருவர் மழைக்கு ஒதுங்கும் அளவுக்கு ஒரு முழையையேனும் இக்கரையில் தரவில்லை. ஆயினும் இலங்கையின் பௌத்தக் குகைப்பள்ளிகளின் வரலாற்றை மன்னார்க் கரையை விலக்கிவிட்டு எழுத முடியாது. குகைகள் உள்நாட்டில் இருந்தன; அவற்றைச் செப்பனிட்டுத் தானம் செய்தவர்களுள் ஒரு பகுதியினரின் பொருள் இக்கரையில் இறங்கியது. மாந்தையின் அகழிகளையும் மண்மேட்டையும் முந்தைய இயல் விவரித்தது. அங்கிருந்து புறப்பட்டு உள்நாடு சென்ற பெருவழியும், அவ்வழியோரப் பாறைகளில் எஞ்சியுள்ள எழுத்தும் சிற்பமும் வண்ணமும் இவ்வியலின் பொருளாகும்.

இந்தக் கரையில் துறைமுகம் அமைந்ததற்குக் காரணம் கடலின் ஆழம் அல்ல, ஆழமின்மையே என்பது முதலில் வியப்பளிக்கலாம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்துக்கு மணற்றிட்டுகள் தொடராகக் கிடப்பதால், தெற்கே மன்னார் வளைகுடாவிலிருந்து வடக்கே பாக்கு நீரிணைக்குப் பெருங்கலங்கள் செல்ல முடிவதில்லை. கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் எழுதிய உரோமானியரான பிளினி, இவ்விடைக்கடல் பெரும்பாலும் ஆழங்குறைந்தது என்றும், ஒடுங்கிய கால்வாய்களில் திருப்ப வேண்டியிராதபடி இங்குள்ள மரக்கலங்களுக்கு இரு முனையிலும் அணியம் அமைத்திருந்தனர் என்றும் குறித்திருக்கிறார். சோளகக் காற்றில் மேற்கிலிருந்து வந்த கப்பலும் வாடைக் காற்றில் வங்கக் கடலிலிருந்து இறங்கிய கப்பலும் இத்திட்டுகளின் இரு புறத்தும் நின்று, சரக்கைச் சிறு தோணிகளில் மாற்ற வேண்டியிருந்தது. இவ்வாறு சரக்கு கைமாறும் இடத்தில் பண்டசாலையும், பண்டசாலையைச் சுற்றி ஊரும், ஊரைச் சுற்றி அகழியும் தோன்றின. பாளி வரலாற்று நூல்கள் மகாதித்த என்றும் தேவாரம் மாதோட்டம் என்றும் குறிக்கும் மாந்தைப் பட்டினம் இதுவே.

1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் மாந்தையில் நடந்த அகழாய்வு, போர் மூண்டதால் இடைநின்று, அதன் முழு அறிக்கை 2013இல்தான் நூலாக வெளிவந்தது. மேட்டின் அடித்தளத்தில் இரும்பறியாத மக்களின் கற்கருவிகளும், அதற்கு மேலே இந்தியப் பெருநிலத்தின் பண்டைத் துறைமுகங்கள் பலவற்றிலும் காணப்படும் சக்கரக்கோட்டு மட்பாண்டமும், மேலும் உயரச் சீனத்துப் பீங்கானும் பாரசீக வளைகுடாப் பகுதியின் மெருகோட்டு மட்கலங்களும் அடுக்கடுக்காகக் கிடைத்தன. கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்ததுடன், அவை அங்கேயே செய்யப்பட்டதற்கான கழிவும் கிடைத்தது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் தோண்டி மண்ணை நீரில் அலசித் தேடியபோது, கி.பி. 100–200 காலத்துக் கோதுமை மணி ஒன்றும், கி.பி. 600–700 காலத்து மிளகும், கி.பி. 900–1100 காலத்துக் கிராம்பு ஒன்றும் அகப்பட்டன. கோதுமை இத்தீவில் விளைவதன்று. கிராம்போ அக்காலத்தில் இந்தோனேசியாவின் மொலுக்காத் தீவுகளில் மட்டும் விளைந்தது. முத்துப் பார்களும் சங்குப் படுகைகளும் இக்கரைக்கே உரிய செல்வங்கள்; மணிக்கற்களும் யானையும் உள்நாட்டிலிருந்து வந்தவை.

உள்நாட்டு வழியை ஆறு காட்டியது. சிங்களத்தில் மல்வத்து ஓயா என்றும் மன்னார்ப் பக்கத்தில் அருவி ஆறு என்றும் பெயர் பெறும் இவ்வாறு, ரிட்டிகல மலைப்பகுதியில் தோன்றி, மிகிந்தலைக்கும் அனுராதபுரத்துக்கும் இடையே இறங்கி, தந்திரிமலையை ஒட்டி வடமேற்காகத் திரும்பி, 164 கிலோமீற்றர் ஓடி அரிப்புக்கு அருகே கடலில் விழுகிறது. மாந்தையிலிருந்து அனுராதபுரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். வண்டிகளும் பொதிமாடுகளும் சில நாட்களில் கடக்கக்கூடிய தூரம். இவ்வாற்றின் நீரைத் திருப்பிக் கட்டுக்கரைக் குளத்தை நிரப்பிய பின் கரையோரம் நெல் விளையும் நிலமாயிற்று என்பதையும், அக்குளத்தை ஐந்தாம் நூற்றாண்டு மன்னன் தாதுசேனனோடு தொடர்புபடுத்துவது வழக்கம் என்பதையும் நினைவிற்கொண்டால், பெருவழி வெறும் வணிகப் பாதையாக மட்டும் இருக்கவில்லை என்பது விளங்கும். இன்றைய மதவாச்சி–தலைமன்னார் நெடுஞ்சாலையும் புகையிரதப் பாதையும் ஏறக்குறைய இதே திசையில் செல்கின்றன.

ஆற்றின் போக்கில் வரிசையாக நிற்கும் பெயர்களே கதையைச் சொல்லிவிடுகின்றன. தலைப்பில் ரிட்டிகல, இடையில் மிகிந்தலை, அனுராதபுரத்தின் தென்புறத்தில் வெஸ்ஸகிரி, கீழே தந்திரிமலை என இவை அனைத்தும் பண்டைப் பிக்குகளின் பாறை வாழிடங்கள். முருங்கனைக் கடந்து கிழக்கே போகப் போகச் சுண்ணக்கல் மறைந்து, மக்கள் கருங்கல் என்று பொதுவாக வழங்கும் மிகப் பழைய உருமாறிய பாறை தலைகாட்டுகிறது. அப்பாறை காட்டுக்குள் யானைக் கூட்டம் படுத்ததுபோல் திரள் திரளாக எழுந்து நிற்பதும், திரள்களின் அடியில் சாய்ந்த பாறை ஒன்று கூரையாக நீண்டு கீழே நிழல் விழுவதும் வன்னிப் பெருநிலத்திலும் அனுராதபுரத்துச் சமவெளியிலும் எங்கும் காணத்தக்கவை. பாளியிலும் பழைய சிங்களத்திலும் லேன என்று குறிக்கப்பட்ட குகை இதுவே.

இக்குகையை அஜந்தாவோடும் கார்லேயோடும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் ஏமாற்றமடைவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் எரிமலைப் பாறையைக் குடைந்து, தூணும் வளைவுக் கூரையும் சைத்தியமும் (வழிபாட்டுத் தூபியைக் கொண்ட மண்டபமும்) செதுக்கிய பெரும்பணி அங்கே நிகழ்ந்தது. சோபாரா, கல்யாண் முதலிய துறைமுகங்களிலிருந்து தக்காணம் ஏறிய கணவாய்களின் ஓரத்தில் அவை அமைந்தன. தானம் செய்தவர்களுள் யவனர்களும் இருந்தனர் என்பதைக் கார்லேயின் தூண்களில் பொறித்த எழுத்துகள் தெரிவிக்கின்றன. இலங்கையின் கருங்கல் அவ்வாறு குடைவதற்கு இசைவதன்று. எனவே இயற்கை தந்த முழையைக் கொண்டே பணி தொடங்கியது. முதல் வேலை, கூரையாக நீளும் பாறையின் நெற்றியில் ஒரு காடி வெட்டுவதாகும். காடி என்பது பாறையின் முகப்பில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உளியால் இழுத்த ஆழமான கோடு. மேலிருந்து பாறையைத் தழுவிக்கொண்டு வழியும் மழைநீர் அக்கோட்டில் தடைப்பட்டு, உட்கூரைக்குப் போகாமல் வெளியே நிலத்தில் சொட்டிவிடும். காடியின் கீழே செங்கல்லாலோ மண்ணாலோ சுவர் எழுப்பி, கதவு வைத்து, உள்ளே தரையைச் சமப்படுத்தினால் பள்ளி ஆயத்தம். ஒரு விரற்கடை ஆழமுள்ள அந்தக் கோடுதான் காட்டுப் பாறையைச் சங்கத்தின் உடைமையாக மாற்றியது. அதற்குக் கீழேயே, மழை படாத இடத்தில், பிராமி எழுத்தில் ஒரே வரியாகத் தானம் செய்தவரின் பெயர் பொறிக்கப்பட்டது.

கல்வெட்டறிஞர் பரணவிதான 1970இல் வெளியிட்ட இலங்கைக் கல்வெட்டுத் தொகுதியின் முதல் மடலில் இத்தகைய சாசனங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அடங்கியுள்ளன. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் கி.பி. முதலாம் நூற்றாண்டு வரையிலானவை எனக் கணிக்கப்படும் இவை, இன்னாருடைய குகை, நாற்றிசையிலிருந்தும் வந்த, இனி வரவிருக்கும் சங்கத்தாருக்கு உரியது என்ற ஒரே வாய்பாட்டில் அமைந்திருப்பதால், படிப்பவருக்குச் சலிப்புத் தருவதுண்டு. ஆயினும் அந்த வாய்பாட்டின் தொடக்கத்தில் நிற்கும் பெயரும் பட்டமும் சமூக வரலாற்றுக்கு வேறெங்கும் கிடைக்காத சான்றுகள். பருமக எனப்பட்ட தலைவர்கள், கமிக எனப்பட்ட ஊர்ப் பெரியோர், ககபதி எனப்பட்ட செல்வக் குடும்பத் தலைவர்கள், வணிகர், மணிக்கற்களை வெட்டி மெருகிடுவோர், நாவிகர் எனப்பட்ட கப்பலோட்டிகள் ஆகியோர் அவற்றில் வருகின்றனர். பொலன்னறுவைப் பகுதியின் துவேகல என்னும் இடத்தில், இத்தகைய குகைச் சாசனத்தின் அருகே பாய்மரக் கப்பல் ஒன்றின் கோட்டுருவம் கீறப்பட்டுள்ளது. கடலிலிருந்து இவ்வளவு தொலைவில் கப்பல் வரைந்தவர் எதனால் தம் செல்வத்தைப் பெற்றார் என்று ஊகிப்பது கடினமன்று.

வணிகர் என்ற பட்டம் இவ்வாய்வில் மிகக் கவனத்துக்குரியதாக ஆவது வவுனியா மாவட்டத்துப் பெரிய புளியங்குளத்தில்தான். அங்குள்ள பாறைத் திரளில் பல குகைகள் உள. அவற்றுள் சில அரச குடும்பத்தார் அளித்தவை. நாகன் என்னும் அரசனின் மகளும் உத்தியன் என்னும் அரசனின் மனைவியுமான ஒருத்தியின் பெயரும் அங்கு வருகிறது. அரசியின் குகையிருக்கும் அதே பாறைத் திரளில், தமெட வணிஜ ககபதி விசாகன் என்பவனின் பெயரைத் தாங்கிய இரண்டு சாசனங்கள் உள்ளன. தமெட என்பது தமிழன் என்பதன் அக்காலப் பிராகிருத வடிவம். ஒரு சாசனம் குகையை அவனுடையது என்கிறது. மற்றொன்று படிவரிசையை அவனுடையது என்கிறது. குகை அளித்தோர் பலர்; படி அமைத்தவர் சிலரே. பாறையின் சரிவில் மழைக்காலத்தில் கால் வழுக்கும் என்பதை அறிந்து, பிச்சைக்குச் சென்று திரும்பும் பிக்குகளுக்கு ஏறுவழி செய்து கொடுத்தவன், அவ்விடத்துக்கு ஒருமுறை வந்து காசு கொடுத்துவிட்டுப் போனவனாக இருத்தல் அரிது. அம்மலையடியில் நடமாடி, அங்குள்ளோரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஒருவனின் செயலாகவே அது தோன்றுகிறது.

கடலின் மறுகரையில் இதற்கு நேர் இணையான காட்சி உண்டு. வைகை ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கருகே அழகன்குளம் என்னும் பண்டைத் துறைமுகம், தமிழ்நாடு தொல்லியல் துறையால் 1986 முதல் பல முறை அகழப்பட்டது. அங்குக் கிடைத்த மட்பாண்டத் துண்டொன்றில் கப்பல் உருவம் கீறப்பட்டிருந்தது. அத்துறையிலிருந்து ஆற்றையொட்டி உள்ளே சென்றால் மதுரை. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் காடி வெட்டிய குகைகள். காடியின் கீழே தமிழ்ப் பிராமி எழுத்தில் தானம் செய்தவர் பெயர். மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், வருகின்றனர். அழகர்மலையில் உப்பு வணிகனும், கொழு வணிகனும், அறுவை எனப்பட்ட துணி விற்பவனும், மதுரைப் பொற்கொல்லனும் அடுத்தடுத்து நிற்கின்றனர். இவை சமண முனிவர்களுக்கு அளிக்கப்பட்ட பள்ளிகள் என்பதே ஐராவதம் மகாதேவன் உள்ளிட்டோர் கண்ட முடிவு. எனவே சமயம் வேறு. ஆனால் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம், ஆற்றின் மேற்பகுதியில் தலைநகர், தலைநகரைச் சூழ்ந்த பாறைகளில் துறவியர் பள்ளி, பள்ளியின் நெற்றியில் வணிகரின் பெயர் என்ற அமைப்பு வைகைக் கரையிலும் அருவி ஆற்றின் கரையிலும் ஒன்றே. இவ்விணைப்பை உறுதி செய்வதுபோல், திருப்பரங்குன்றத்துக் கல்வெட்டொன்று எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவனின் கொடையைக் குறிக்கிறது. தமிழன் ஒருவன் வன்னிப் பாறையில் பௌத்தருக்குக் குகை அளிக்க, ஈழத்தோடு தொடர்புடைய ஒருவன் மதுரைக் குன்றில் சமணருக்குக் கொடை அளித்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பின்னரே மன்னார் வளைகுடாவை எல்லை என்று அழைப்பதா, முற்றம் என்று அழைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

இச்சாசனங்கள் இன்றைய வழக்குகளில் சாட்சிக்கு இழுக்கப்படுவது எதிர்பார்க்கத்தக்கதே. குகை உள்ள இடமெல்லாம் பிக்கு இருந்தார், பிக்கு இருந்த இடமெல்லாம் சிங்களவர் இருந்தனர் என்பது ஒரு சாராரின் வாதம். தமெட என்ற பெயர் வரும் இடமெல்லாம் தமிழ்ப் பௌத்த நாடு என்பது மறுசாராரின் வாதம். இரண்டும் சாசனம் சொல்வதைவிட மிகுதியாகச் சொல்கின்றன. விசாகனைத் தமெட என்று குறித்ததிலிருந்தே, அவ்விடத்தில் வேறு அடையாளமுடையோரும் இருந்தனர் என்பதும், அந்த அடையாளம் தானம் செய்வதற்குத் தடையாக இருக்கவில்லை என்பதும் தெரியவருகின்றன. கா. இந்திரபாலா முதலிய வரலாற்றாசிரியர்கள் வற்புறுத்தியபடி, இன்று நாம் அறியும் இன அடையாளங்கள் நெடுங்காலத்தில் உருவானவை, கி.மு. இரண்டாம் நூற்றாண்டுப் பாறையில் அவற்றை முழு வளர்ச்சியோடு தேடுவது பயனற்ற வேலை.

வணிகர் துறைமுகத்தில் தங்கிவிடாமல் தலைநகர் வரை சென்று ஊன்றினர் என்பதை அனுராதபுரத்திலேயே காணலாம். தமிழ்க் குடும்பத் தலைவர்கள் கூடுவதற்கென அமைந்த மாடம் ஒன்றைக் குறித்த பாறைச் சாசனம் அங்கு உள்ளது. இலுபரதத்தில் வாழ்ந்த தமெட சமணன் என்னும் பெயருடையவன் அதைச் செய்வித்தான். அமர்வோருக்குரிய இருக்கைகள் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டு, அவற்றுள் ஒன்று கரவ என்னும் நாவிகனுக்கு உரியது என்று எழுதப்பட்டுள்ளது. கப்பலோட்டி ஒருவனுக்குத் தலைநகரின் கூட்டத்தில் நிலையான இருக்கை இருந்தது. கடலிலிருந்து 80 கிலோமீற்றர் உள்ளே அவன் வந்து அமர்ந்தான் என்றால், அவனுடைய கப்பல் பெரும்பாலும் மாதோட்டத்தில்தான் நின்றிருக்கும்.

அதே பெருவழியில் படைகளும் வந்தன. கி.மு. 103ஆம் ஆண்டளவில் ஏழு தமிழர் படையோடு மகாதித்தத்தில் இறங்கி அனுராதபுரத்தைக் கைப்பற்ற, வட்டகாமணி அபயன் அரியணை இழந்து காட்டில் மறைந்து வாழ்ந்தான் என்று மகாவம்சம் கூறுகிறது. அந்நூல் தரும் ஒரு செய்தி பலராலும் கவனிக்கப்படாமல் போகிறது: எழுவருள் ஒருவன் அரசி சோமாதேவியோடு கரை கடந்து திரும்ப, மற்றொருவன் அனுராதபுரத்திலிருந்த புத்தரின் பிச்சைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதுவே போதும் என்ற நிறைவோடு மறுகரைக்குப் போய்விட்டான். அரியணையில் பங்கு கேட்கக்கூடிய ஒருவன் பாத்திரத்தை மேலாக மதித்தான் என்றால், அவனை வெறும் கொள்ளையன் என்று தள்ளிவிட முடியாது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆட்சியை மீட்ட வட்டகாமணி, தான் மறைந்திருந்த குகைகளைப் பிக்குகளுக்குக் கோயிலாக்கினான் என்பதும், தம்புள்ளைக் குகைக்கோயில் அவ்வாறு தோன்றியது என்பதும் வழிவழிச் செய்தி. தம்புள்ளையின் காடியின் கீழும் பிராமிச் சாசனம் உண்டு. ஆனால் இன்று அங்கே ஐந்து குகைகளின் கூரையையும் சுவரையும் ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் அளவுக்கு மூடியிருக்கும் ஓவியங்களில் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் தீட்டியவை.

பழைய குகை ஓவியம் எங்கே என்ற வினாவுக்கு இது வழிவிடுகிறது. பாறையின் சொரசொரப்பான மேற்பரப்பில் வண்ணம் நேரடியாகத் தீட்டப்படவில்லை. நெல் உமியும் நாரும் கலந்த களிமண் முதலில் பூசப்பட்டு, அதன் மேல் மென்மையான சுண்ணப் பூச்சு இடப்பட்டு, அதன் மேலேதான் காவி, மஞ்சட்காவி, பச்சை முதலிய மண்வண்ணங்கள் தீட்டப்பட்டன. பாறைக்கும் மண்பூச்சுக்கும் உள்ள பிடிப்பு தளர்ந்தால் ஓவியம் முழுத்தகடாக உதிர்ந்துவிடும்; காடி தேய்ந்து நீர் உள்ளே கசிந்தால் உமி உக்கிவிடும்; வௌவால் எச்சமும் குளவிக் கூடும் எஞ்சியதை அழிக்கும். எனவே மழை நேரே அடிக்காத உயரத்தில், ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில் காசியப்பன் காலத்தில் தீட்டப்பட்ட சிகிரியா மகளிர் உருவங்கள் தப்பிப் பிழைத்திருக்க, வெஸ்ஸகிரியின் குகைகளில் அதே மரபைச் சேர்ந்த வண்ணத் தடங்கள் மட்டுமே எஞ்சின. வெஸ்ஸகிரியின் பாறைகளையே பிற்காலத்தார் கட்டடக் கல்லுக்காக ஆப்பு வைத்துப் பிளந்திருக்கிறார்கள். பிளந்த முகத்தில் வரிசையாகத் தெரியும் ஆப்புக் குழிகளை இன்றும் காணலாம். பள்ளியை அழித்துப் பள்ளி கட்டிய இச்செயலுக்குப் படையெடுத்தவர் எவரையும் குறைகூற இயலாது.

இலங்கையில் அழிந்துபோன ஒன்றின் எதிரொலி அஜந்தாவில் இருக்கிறது. அங்குள்ள 17ஆம் குகையின் சுவரில், சிங்களன் என்னும் வணிகன் கப்பல் உடைந்து இத்தீவில் ஒதுங்கியதும், அரக்கியரிடம் அகப்பட்டுத் தப்பியதும், பின் படையோடு வந்து தீவை வென்று முடிசூடியதும் ஐந்தாம் நூற்றாண்டுத் தூரிகையால் விரிவாகத் தீட்டப்பட்டுள்ளன. 2ஆம் குகையில் பாய் விரித்த கப்பல் ஒன்று, உள்ளே சாடிகளை வரிசையாக அடுக்கிய நிலையில் தீட்டப்பட்டிருக்கிறது. தக்காணத்துப் பௌத்தருக்கு இலங்கை என்பது முதன்மையாக வணிகர் கரையேறும் தீவாகவே தோன்றியது என்பதற்கு இவை சான்றாகும். கலை எதிர்த்திசையிலும் பயணித்தது: ஆந்திரத்தின் கிருஷ்ணா ஆற்றுப் படுகையில் வெட்டிய வெண்சுண்ணக்கல்லில், அமராவதிப் பாணியில் செதுக்கிய சிற்பங்கள் இலங்கையில் கிடைத்துள்ளன. அக்கல் இத்தீவில் கிடைப்பதன்று. கப்பலில் ஏறி வந்தது.

பெருவழியில் இன்றும் நின்று பார்க்கத்தக்க இடம் தந்திரிமலை. சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வடகரையிலிருந்து அனுராதபுரம் செல்லும் வழியில் தங்கிய திவக்க என்னும் அந்தணனின் ஊர் இதுவே என்பது அவ்விடத்து மரபு. விரிந்து அலை அலையாகக் கிடக்கும் வெற்றுப் பாறையின் ஒரு முகத்தில், பின்னோக்கிச் செதுக்கிய மாடத்துக்குள் தியானநிலையில் அமர்ந்த புத்தர் உருவம் பாறையிலிருந்து வெளிவருகிறது. தலைக்கு மேலே மகர தோரணமும் இருபுறமும் கவரி வீசுவோரும் அமைய, வேலை முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. சற்றுத் தொலைவில் கிடந்த நிலைப் புத்தர் ஏறத்தாழ 45 அடி நீளத்தில் செதுக்கப்பட்டிருக்கிறார். பொலன்னறுவையின் கல்விகாரையை நினைவூட்டும் இவ்விரு உருவங்களையும் பிற்கால அனுராதபுரத்தோடும் பொலன்னறுவையோடும் இணைத்துப் பேசுவது அறிஞர் வழக்கம். முற்றுப்பெறாத சிற்பம் வரலாற்றாசிரியனுக்கு முற்றுப்பெற்றதைவிட மிகுதியாகக் கற்பிக்கிறது. சிற்பி முதலில் மாடத்தைக் குடைந்து உருவத்துக்கு வேண்டிய கல்லைத் திரட்டாக நிறுத்திக்கொண்டு, பிறகு மேலிருந்து கீழாக மெருகேற்றி வந்தான் என்பதும், கருங்கல்லைக் குடைவது தக்காணத்து எரிமலைப் பாறையைக் குடைவதினும் எத்துணை உழைப்பைக் கேட்டது என்பதும் இங்கே உளியின் தடத்திலேயே தெரிகின்றன.

அதே பாறைத் திரளின் குகைகளில் வேறொரு கையின் வேலையும் உண்டு. சாம்பல் நிறத்தில் தீட்டிய மனித உருவங்களும் விலங்குகளும் குறிகளும் அங்கே பாறையின் மேல் நேரடியாக உள்ளன; களிமண்ணும் சுண்ணமும் அவற்றுக்கு அடித்தளமாக இல்லை. வேட்டுவ மக்கள், வேடரின் முன்னோரோ அவர்களையொத்தோரோ, வரைந்த இவற்றுக்கும் பௌத்தத்துக்கும் தொடர்பில்லை. பிக்குகள் ஆளில்லாக் காட்டுக்குள் வந்து குடியேறவில்லை, ஏற்கெனவே மனிதர் ஒதுங்கி வாழ்ந்த முழைகளையே சங்கம் பெற்றது என்பதே இவற்றால் பெறப்படும் செய்தி. காடி வெட்டிய பின் அம்முழைகள் தானப் பொருளாயின. முன்னிருந்தோர் எங்கே போயினர் என்பதைக் காடியின் கீழ்ச் சாசனம் எதுவும் குறிக்கவில்லை. இலங்கையின் குகைக்கலை பற்றிய நூல்களில் இவ்வோவியங்கள் பெரும்பாலும் பிற்சேர்க்கையாகவே இடம்பெறுவது வருந்தத்தக்கது.

குகை இல்லாத கரையில் பௌத்தம் எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கு இரு குறிப்புகள் போதும். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில், கருங்கல் கிடைக்காத காரணத்தால், பவளச் சுண்ணக்கல்லைச் செதுக்கியே சிறு தூபிகளைக் கூட்டமாக எழுப்பினர். மன்னாரிலோ, கச்சேரியில் வைக்கப்பட்டிருந்த தூண் சாசனம் ஒன்று, வடகரைப் பகுதியின் மூன்று ஊர்களை அனுராதபுரத்து மகாவிகாரையைச் சேர்ந்த தியான மண்டபம் ஒன்றுக்கு உரிமையாக்கி, அரச அலுவலர் அவ்வூர்களுள் நுழைந்து வரி கேட்கலாகாது என விலக்களித்தது. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் அனுராதபுரத்துத் துறவியரின் உணவுக்குக் கரையோர ஊர்களின் வருவாய் சென்றது என்பதும், விசாகனின் காலத்தில் வணிகன் தானே முன்வந்து கொடுத்தது இப்போது அரச ஆணையால் கொடுக்கப்பட்டது என்பதும் இதனால் பெறப்படுகின்றன. குகைச் சாசனங்கள் கி.பி. முதலாம் நூற்றாண்டுக்குப் பின் அருகி, பின்னர் நின்றே போயின. விகாரைகள் குளங்களையும் வயல்களையும் உடைமையாகப் பெற்ற பிறகு, ஒரு முழையை அளிப்பவனின் கொடை சிறுத்துப்போனது.

993ஆம் ஆண்டளவில் சோழர் படை அனுராதபுரத்தை அழித்துத் தலைமையிடத்தைப் பொலன்னறுவைக்கு மாற்றியதும், பெருவழியின் உள்நாட்டு முனை அறுந்தது. துறைமுகம் உடனே ஓயவில்லை. மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் மாற, சோழ நாட்டுத் தாழி குமரன் அங்கே இராசராசேச்சரம் என்னும் சிவன் கோயிலைக் கற்றளியாக எடுத்தான். அக்கோயிலுக்குரிய கல்வெட்டு இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே ஊரின் மற்றொரு சிவன்கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசு உள்ளூர் வணிகரிடம் முதலாக வைக்கப்பட்டு, அதன் வட்டிக்கு ஈடாகத் திருவிளக்கு முதலியவற்றுக்கு வேண்டியதைச் செலுத்தும் பொறுப்பு எண்ணெய் வாணியர், வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர் ஆகியோருக்கு உரியதாயிற்று. இக்கல்வெட்டுகளும், சோழர் காலத்து மாதோட்டத்தின் தெருக்களும் வரிகளும் அடுத்த இயலில் ஆராயப்படும்.

(தொடரும்)